ஆசாரிய திக்நாகர்: கண் கண்டதும் மனம் சேர்த்ததும்



பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் கோரமண்டல் என்றொரு நிலையம் உண்டு. சோழமண்டலம் என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவில் திரிந்து கோரமண்டல் ஆயிற்று என்பது அறிஞர் பலரும் கொள்ளும் கருத்தாம். வங்கக் கடலோரத்திற்கு உரிய அப்பெயர், கடலையே காணாத இம்மேட்டு நிலத்தில், தங்கச் சுரங்கத்தை அண்டிய ஒரு குடியிருப்பின்மீது வந்து அமர்ந்துவிட்டது. பெயரை மட்டும் நம்பி வருவோன் இங்கே அலையோசையைத் தேடுவானாயின் ஏமாந்து திரும்புவான். அவனை ஏமாற்றியது கண்ணா, பெயரா?

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பெரியார் ஒருவர், வரைபடங்கள் கோரமண்டல் கரையென்று குறிக்கும் அக்கடற்கரைக்கு அண்மையிலுள்ள காஞ்சிநாட்டில் தோன்றினார். அவரே ஆசாரிய திக்நாகர். அவர் சரிதத்தை இப்போது எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலில் கூறிவிடுகிறோம்.

சின்னாட்களுக்கு முன்பு, நம் சங்கக் கூட்டம் முடிந்தபின் இளைஞர் ஒருவர் நம்மை அணுகினார். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பிழைப்பிற்காக நாள்தோறும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். பயணக் களைப்பைத் தாங்கமாட்டாமல் அந்நகரிலேயே வாடகைக்கு ஒரு வீடு தேடியிருக்கிறார். வீட்டுக்காரர் இன்முகத்துடன் வரவேற்று அறைகளைத் திறந்து காட்டினாராம். பிறகு ஊரைக் கேட்டிருக்கிறார். இவர் ஊரையும், தொடர்ந்து கேட்கவே தாம் குடியிருக்கும் லைன் வீட்டையும் கூறியதும், அம்முகம் மாறிற்றாம். காலியாக இருந்த வீடு கண்மூடித் திறக்குமுன் காலியில்லாத வீடாயிற்றாம். இளைஞர் நம்மிடம் முறையிட வந்தவரல்லர். ஒன்றை மட்டும் அறிய விரும்பினார். அந்த மனிதர் தம்மிடம் எதையோ கண்டாரே, அது உண்மையில் தம்மிடம் உள்ளதா, அல்லது இல்லாத ஒன்றையா அவர் கண்டார் என்பதே அவர் வினா.

நாம் உடனே விடைகூறவில்லை. ஒரு சொல்லில் கூறக்கூடிய விடையன்று அது. திக்நாகர் சரிதத்தின் வாயிலாகவே கூறத்தக்கது என்று தோன்றிற்று. ஆதலின் எழுதலானோம்.

பிறப்பும் துறவும்

திக்நாகர் வாழ்ந்த காலம் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டதென்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். அவர் வரலாற்றை நமக்குப் பெரிதும் காத்துத் தந்தோர் திபெத்திய ஆசிரியர்களாகிய பூதோனும் தாரநாதரும் ஆவர். இருவரும் அவருக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர்கள். ஆதலால் அவர்கள் கூறுவனவற்றுள் வரலாறும் உண்டு, பக்தியால் விளைந்த கதையும் உண்டு. இரண்டையும் கலவாமல் கொள்வதே திக்நாகரின் மாணவராக விரும்புவோர்க்கு அழகு.

காஞ்சிக்கு அருகில் சிம்மவக்திரம் என்னும் ஊரில், பிராமணக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தாரென்று அம்மரபு கூறும். வேத சாத்திரங்களைக் கற்றுத் தேர்ந்த அவர், அவற்றில் மனநிறைவு கொள்ளாது, நாகதத்தர் என்னும் பௌத்த ஆசாரியரை அடைந்து துறவு பூண்டார். அக்காலத்துக் காஞ்சியில் பௌத்தம் ஓங்கியிருந்தது. அவருக்கு ஒரு நூற்றாண்டிற்குப் பின், கி.பி. 640ஐ ஒட்டி, தென்னாட்டைப் பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சியில் நூறு அளவிலான விகாரைகளும் பதினாயிரம் பிக்குகளும் இருந்தனரென்று குறித்துள்ளார். நாளந்தாவின் தலைவராக விளங்கிய தருமபாலரும் காஞ்சியிற் பிறந்தவரே. இன்று காஞ்சி என்றதும் பட்டும் கோபுரமும் மட்டுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஒரு நகரைப் பற்றிய நம் எண்ணமும் அந்நகரின் மெய்யான வரலாறும் எத்துணை அகன்று நிற்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நான்கு விளக்குகள்

நாகதத்தர் வாத்சீபுத்திரீயம் என்னும் பிரிவைச் சார்ந்தவர். உருவம், உணர்ச்சி முதலிய ஐந்து கந்தங்களின் சேர்க்கையே மனிதன் என்பது பகவான் புத்தரின் போதனை. இப்பிரிவினரோ, அக்கந்தங்களோடு ஒன்றென்றும் கூறவியலாத, வேறென்றும் கூறவியலாத புற்கலன் ஒருவன் உண்டு என்று கொண்டனர். ஆசிரியர் தம் இளம் மாணவரை நோக்கி, சொல்லால் விளக்கவொண்ணாத அப்புற்கலனைத் தியானித்துக் கண்டறியுமாறு பணித்தார்.

மாணவர் மறுத்துரைக்கவில்லை. ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றத் தலைப்பட்டார். பகற்பொழுதில் தம் அறையின் பலகணிகளையெல்லாம் திறந்துவைத்தார். இரவில் நான்கு திசையிலும் விளக்கேற்றினார். ஆடைகளைக் களைந்தார். கண்களை அகலத் திறந்து, தலைமுதல் கால்வரை தம் உடலைச் சுற்றிச்சுற்றி நோக்கினார். தோலும் மயிரும் நகமும் கண்டார், மூச்சு வந்துபோவதை அறிந்தார், எண்ணம் எழுந்து மறைவதை உணர்ந்தார். புற்கலன் என்று சுட்டத்தக்கதாக ஒன்றையும் காணவில்லை.

இச்செய்தி ஆசிரியரின் செவிக்கு எட்டியது. அழைத்து வினவியபோது, தேடச்சொன்ன பொருளை வெளிச்சமில்லாமையாலோ மறைப்பினாலோ காணத் தவறிவிடுவோமோ என்றஞ்சி இவ்வாறு தேடியதாகவும், அங்ஙனமும் அது அகப்படவில்லையென்றும் மாணவர் பணிவுடன் கூறினார். தம் கொள்கையைக் குத்திக்காட்டவே இவர் இங்ஙனம் செய்தாரென்று சினந்த ஆசிரியர், விகாரையை விட்டுச் செல்லுமாறு கட்டளையிட்டார். திக்நாகர் வணங்கி வெளியேறினார்.

இதனை நகைப்பிற்குரிய கதையாகப் பலர் படித்துச் செல்வர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒருவர் உண்டென்று சொன்னதனாலேயே உண்டென்று கொள்ளாமல், நான்கு விளக்கேற்றிப் பார்த்துவிட்டு, காணாததைக் காணவில்லையென்று கூறும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அத்துணிவிற்காக அவர் தம் குருகுலத்தையே இழந்தார்.

வடக்கே சென்ற திக்நாகர், பேராசிரியர் வசுபந்துவை அடைந்து அவர்பால் கற்றாரென்று திபெத்திய மரபு கூறும். நாளந்தாவில் நிகழ்ந்த வாதங்களிற் பிற சமயவாதிகளை வென்றாரென்றும், கலிங்கத்து மலைக்குகையொன்றில் நெடுநாள் தனித்துறைந்தாரென்றும் அறிகிறோம். யுவான் சுவாங்கோ ஆந்திர நாட்டு மலையொன்றை அவரோடு இணைத்துப் பேசுகிறார்.

பாறையில் எழுதிய எழுத்து

பலவிடத்தும் சிதறிக் கிடந்த தம் ஆராய்ச்சிகளையெல்லாம் ஒரே நூலாகத் திரட்ட அவர் முனைந்தார். அதுவே பிரமாண சமுச்சயம். பிரமாணம் என்பது அளவை, அதாவது மெய்யான அறிவைத் தரும் கருவி. சமுச்சயம் என்பது தொகுப்பு. புத்தரையே அளவையாக நின்றவர் என்று போற்றித் தொடங்கும் அந்நூலின் முதற் செய்யுளைக் குகையருகே ஒரு பாறையில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துவிட்டுப் பிச்சையேற்கச் சென்றாராம். மாற்றுச் சமயத்தார் ஒருவர் வந்து அதனை அழித்தார். மீண்டும் எழுதினார், மீண்டும் அழிந்தது. மூன்றாம் முறை எழுதியபோது, விளையாட்டிற்கு அழிப்பதாயின் விட்டுவிடுமாறும், கருத்து வேறுபாட்டால் அழிப்பதாயின் நேரில் வந்து வாதிடுமாறும் கீழே எழுதிவைத்தார். வந்தவர் வாதில் தோற்றார். தோற்ற சினத்தில் அவர் வாயிலிருந்து எழுந்த தீ திக்நாகரின் உடைமைகளை எரித்துவிட்டதென்பது கதை.

மனம் உடைந்த திக்நாகர், ஒருவரைக்கூடத் திருத்த இயலாத தாம் உலகத்துயரை நீக்க எண்ணுவது வீணென்று கருதினார். கையிலிருந்த சுண்ணக்கட்டியை வானில் எறிந்து, அது மண்ணில் விழும் கணத்தில் பிறர்க்குழைக்கும் தம் விரதத்தைக் கைவிடுவதாக முடிவுசெய்தார். கட்டி விழவில்லை. அண்ணாந்து நோக்கியபோது மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் அதனைத் தம் கையில் ஏந்தி நின்றாராம்.

தீ உமிழ்ந்ததையும் வானில் நின்றதையும் நாம் வரலாறாகக் கொள்ளவில்லை. ஆயினும் இக்கதையுள் ஒரு மனித உண்மை உண்டு. வாதத்தில் வென்றவர் எதிராளியின் மனத்தை வெல்ல இயலாமல் சோர்ந்தார். அறிவு ஒன்றாலேயே உலகம் மாறிவிடுமென்று எண்ணிய எவர்க்கும் வரக்கூடிய சோர்வு அது. அச்சோர்வினின்றும் எழுந்தே அவர் தம் பெருநூலை முடித்தார்.

கண் கண்டது எது?

அந்நூலின் கருத்தை இயன்றவரை எளிமையாகக் கூறுவோம்.

அக்காலத்து அறிஞர் சிலர் மூன்று அளவைகள் என்றனர், சிலர் நான்கு, வேறு சிலர் ஆறு என்றனர். திக்நாகரோ இரண்டே என்றார். காட்சி ஒன்று, கருத்தளவு ஒன்று. ஏன் இரண்டு எனின், அறியப்படுவன இரண்டே ஆதலின். இக்கணத்தில், இவ்விடத்தில், தனித்து நிற்கும் பொருள் ஒன்று. அதனைப் பல பொருள்களுக்கும் பொதுவாக்கி நாம் அமைத்துக்கொள்ளும் பொதுத்தன்மை மற்றொன்று. முன்னதைக் காட்சி தொடுகிறது. பின்னதை மனமே கருதிக்கொள்கிறது.

காட்சி என்பது கற்பனை நீங்கியது என்று அவர் வரையறுத்தார். கற்பனை எனின் கவிஞர் கற்பனையன்று, கண்டதன்மேல் மனம் ஏற்றும் அடைமொழி. அதனை ஐவகையாகப் பிரித்தார். ஒருவருக்கு இட்டு வழங்கும் பெயர் ஒன்று. பசு என்பது போன்ற சாதி ஒன்று. வெண்மை என்பது போன்ற குணம் ஒன்று. சமைப்பவன் என்பது போன்ற தொழில் ஒன்று. தண்டமுடையவன் என்பதுபோல் உடைமையால் அமைவது ஒன்று. இவ்வைந்தும் கண்ணுக்குத் தெரிவன அல்ல. கண்டபின் மனம் சேர்ப்பவை.

இவ்விலக்கணம் வடமொழியோடு நின்றுவிடவில்லை. நம் மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்குமிடத்து, அளவை இரண்டே எனவும், காட்சியாகிய சுட்டுணர்வில் பெயர், சாதி, குணம், செயல் ஆகியவை விலக்கப்பட்டன எனவும் கூறப்படுகின்றது. காப்பியம் முந்தியதா, திக்நாகர் முந்தியவரா என்பதில் அறிஞர் ஒருமனப்பட்டாரில்லை. ஆயின் காஞ்சி மண்ணில் இக்கருத்துத் தமிழில் பேசப்பட்டது என்பதில் ஐயமில்லை.

நாம் கல்லரைக்கும் ஆலையில் பணிபுரிந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே உவமையாகக் கூறலாம். பணியில் சேர்ந்த புதிதில், அரைக்க வந்த கற்குவியலில் மஞ்சளாய் மின்னிய துண்டொன்றைக் கண்டு நாம் தங்கமென்று துள்ளினோம். உடனிருந்த பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் அதனை வாங்கி இரும்பின்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். அது பொடிந்து கருந்தூளாயிற்று. தங்கமாயின் நசுங்கித் தகடாகுமேயன்றிப் பொடியாகாது. அஃது இரும்பும் கந்தகமும் கூடிய வெறுங்கல். பின்னர் அவர் மின்னாத வெண்கல் ஒன்றைக் காட்டி, மெய்யான தங்கம் பெரும்பாலும் இத்தகைய கல்லினுள்ளேயே கண்ணுக்கெட்டாத பொடியாக இருக்கிறதென்று விளக்கினார். ஒரு டன் கல்லில் சில கிராம் கிடைப்பதே பேறு. கண்ணால் காணவியலாத அப்பொடியைத் திரட்டித் திரட்டியே இவ்வயலிலிருந்து நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது.

அன்று நம் கண் பொய் சொல்லவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். கண் மஞ்சளைக் கண்டது, மினுக்கத்தைக் கண்டது. இரண்டும் அங்கே இருந்தன. தங்கம் என்ற சொல்லைச் சேர்த்தது நம் ஆசை. திக்நாகரும் இதனையே கூறினார். கானலைக் கண்டு நீரென்று ஓடுபவனின் பிழை கண்ணில் இல்லை. கண் கண்டது வெயிலில் நடுங்கும் ஒளியை. நீர் என்று முடிவு கட்டியது மனம்.

அவருக்குப் பின் 7ஆம் நூற்றாண்டில் வந்த தருமகீர்த்தி, காட்சி பிழையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று ஓர் அடையைச் சேர்த்தார். கண்ணோயாளனுக்கு நிலவு இரண்டாகத் தோன்றுவதும், ஓடத்தில் செல்வோனுக்குக் கரைமரங்கள் ஓடுவனவாகத் தோன்றுவதும் உண்டன்றோ? ரயிலில் சாளரத்தருகே அமர்ந்தவர் எவரும் இதனை அறிவர். பொறியின் பிழையும் உண்டு, மனத்தின் பிழையும் உண்டு. ஆயினும் நம் அன்றாட வாழ்வைக் கெடுப்பது பெரிதும் பின்னதே.

நிலம் அதிர்ந்த இரவுகள்

கருத்தளவைத் திக்நாகர் இகழ்ந்தாரல்லர். அதனைச் சீர்செய்தார். மலையில் புகையைக் கண்டு நெருப்பைக் கருதுகிறோம். அக்கருத்து மெய்யாக வேண்டுமாயின் ஏதுவிற்கு மூன்று தன்மை வேண்டுமென்றார். புகை அம்மலையில் இருக்க வேண்டும். நெருப்புள்ள சமையலறை போன்ற இடங்களில் அது காணப்பட வேண்டும். நெருப்பில்லாத நீர்நிலை போன்ற இடங்களில் ஒருபோதும் காணப்படலாகாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது போலி ஏது.

நம் ஊர்த் தாய்மார்கள் இதனை ஏட்டில் படிக்காமலே அறிந்தவர்கள். சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்தது. அத்துணை ஆழத்தில் பாறையின் இறுக்கம் தாங்காது திடீரென்று வெடிப்பதுண்டு. பழைய தொழிலாளர் அதனை ஏர் பிளாஸ்ட் என்பர். நள்ளிரவில் லைன் வீடுகள் அதிரும், பாத்திரங்கள் உருளும். கண்டது அவ்வளவே. அடியில் பாறை வெடித்தது என்று கருதுவது நல்ல அனுமானம். ஆயின் என் கணவன் இறந்தான் என்று கருதுவது? நிலம் அதிர்ந்தும் உயிர்ச்சேதம் இல்லாத இரவுகள் எத்தனையோ இருந்தனவாதலால், அவ்வேதுவிற்கு மூன்றாம் தன்மை இல்லை. இருந்தும் அச்சம் அவ்வாறே கருதும். அச்சத்தை நாம் குறைகூறோம். அன்பே அச்சமாக வடிவெடுக்கிறது. ஆனால் அத்தகைய இரவில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, அழாமல், கூண்டு மேலேறிவரும்வரை காத்திருந்த மூதாட்டிகளை நாம் கண்டிருக்கிறோம். அறியாததை அறிந்ததாகக் கொள்ளாமல் பொறுத்திருப்பதும் ஒரு ஞானமே.

இரட்டை நிலாவும் கயிற்றரவும்

திக்நாகரின் சிறு நூல்களுள் ஆலம்பன பரீட்சை என்பது ஒன்று. எட்டே செய்யுள்கள். அறிவுக்குப் பொருளாக நிற்பது எது என்னும் ஒரே வினாவை அது ஆராய்கிறது. ஒன்று அறிவின் பொருளாக வேண்டுமாயின், அவ்வறிவை அது பிறப்பிக்கவும் வேண்டும், அவ்வறிவில் தோன்றும் உருவம் அதற்கு இருக்கவும் வேண்டும். அணுக்கள் அறிவைப் பிறப்பிக்கலாம், ஆனால் நமக்கு அணுவடிவம் தோன்றுவதில்லை. குவியலாகிய குடம் தோன்றுகிறது, ஆனால் குவியல் என்பது தனிப்பொருளன்று. இரட்டை நிலாவைப்போல, தோன்றினும் இல்லாதது அது. ஆகையால் நாம் காணும் உருவம் அறிவினுள்ளேயே அமைவது என்று அவர் முடித்தார்.

கைத்தல நூல் என்று பொருள்படும் மற்றொரு சிறு நூலைச் சீன மரபு திக்நாகருடையதென்றும், திபெத்திய மரபு ஆரியதேவருடையதென்றும் கொள்கின்றன. கயிற்றைப் பாம்பென்று எண்ணியவன் உற்றுநோக்கினால் பாம்பு மறைந்து கயிறு நிற்கும். அதோடு நில்லாமல் கயிற்றையும் இழை இழையாக நோக்கினால், கயிறு என்ற எண்ணமும் பாம்பைப்போலவே மறையும் என்பது அதன் கருத்து. பிறர் பிழையைத் திருத்திவிட்டோம் என்று நாம் பெருமைகொள்ளும் வேளையில், நம் கையிலுள்ள கயிற்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்லும் போதனை இது.

சொல் செய்யும் வேலை

பெயர்ச்சொல் எதனைச் சுட்டுகிறது என்பதற்குத் திக்நாகர் கூறிய விடை உலக அறிஞரை இன்றும் வியக்கவைப்பது. பசு என்னும் சொல் பசுத்தன்மை என்ற ஒன்றைத் தொட்டுக் காட்டவில்லை. பசுவல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவே. இதனை அபோகம் என்பர். சொல் வேலி கட்டும். வேலிக்குள் நிற்கும் தனிப்பொருளைப் பற்றி அது ஒன்றும் அறியாது.

இதற்குச் சேலத்தில் ஒரு சான்று உண்டு. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரால் வழிபடப்பட்டு வந்த கற்சிலை ஒன்று, புத்தர் சிலையே என்று வழக்கு எழுந்தது. தொல்லியல் துறையினர் ஆராய்ந்து, புத்தருக்குரிய இலக்கணங்கள் அதில் உள்ளனவென்று அறிக்கை தந்தனர். சென்னை உயர்நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தது. கல் மாறவில்லை. வணங்கியோரின் கண்ணிலும் குறையில்லை, அவர்தம் பக்தியும் பொய்யன்று. பெயர் ஒன்றே நடுவில் திரையாக நின்றது.

கல்லுக்கு இது நேர்ந்தால் கல் வருந்தாது. மனிதனுக்கு நேர்ந்தால்?

ஒன்றை நேர்மையுடன் கூறிவிட வேண்டும். திக்நாகர் சாதி என்ற சொல்லை அளவை நூலார் வழங்கும் பொருளில், அதாவது இனப்பொதுமை என்ற பொருளிலேயே ஆண்டார். பிறப்பால் வகுத்த சாதியை மறுக்கவென்றே அவ்விலக்கணத்தை எழுதினார் என்று கூறுவது, கண்டதன்மேல் நாம் சேர்க்கும் கற்பனையாகிவிடும். எனினும் அவர் கொளுத்திய விளக்கை நாம் வேண்டிய இடத்துக்கு எடுத்துச் செல்லத் தடையில்லை. பசு என்னும் பொதுமையாவது கொம்பையும் அலைதாடியையும் கண்டு மனம் அமைப்பது. பிறப்புச் சாதிக்கோ அத்தகைய அடையாளம்கூடக் கண்ணுக்கு அகப்படுவதில்லை. ஊரைக் கேட்டும், தெருவைக் கேட்டும், தந்தை பெயரைக் கேட்டுமே அதனைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கேட்டால்தான் தெரியும் ஒன்றைக் கண்டதாகக் கூறுவது எங்ஙனம்?

மறைவும் நூல்களின் பயணமும்

திக்நாகர் தம் இறுதி நாட்களைக் கலிங்க நாட்டுக் காடொன்றில் தனிமையில் கழித்து அங்கேயே மறைந்தாரென்று தாரநாதர் எழுதுகிறார். அவர் கருத்தை மறுக்கவென்றே உத்தியோதகரர் நியாய வார்த்திகம் இயற்றினார். குமாரிலரும் அவரோடு வாதிட்டார். தருமகீர்த்தி அவர் நூலை விளக்கிப் பிரமாண வார்த்திகம் செய்தார். நியாயமுகம் என்ற அவர் நூலை யுவான் சுவாங் கி.பி. 649இல் சீனத்தில் பெயர்த்தார்.

பௌத்தம் இந்நாட்டில் மங்கியபின் பிரமாண சமுச்சயத்தின் வடமொழி மூலம் மறைந்தது. திபெத்திய மொழிபெயர்ப்புகள் இரண்டும், எதிர்த்தோர் தம் நூல்களில் எடுத்தாண்ட பகுதிகளுமே எஞ்சின. ஜப்பானிய அறிஞர் ஹட்டோரி 1968இல் அதன் காட்சி அதிகாரத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர் திபெத்தில் காக்கப்பட்டிருந்த ஜினேந்திரபுத்தியின் வடமொழி உரைச்சுவடி வெளிவரலாயிற்று. அதன் முதல் அதிகாரம் 2005இல் அச்சேறியது. அவ்வுரையைக் கொண்டு அறிஞர்கள் மூலத்தை மீட்டமைக்கின்றனர். பாறையில் எழுதி அழிக்கப்பட்ட எழுத்து மறுபடியும் எழுதப்படுகிறது.

இளைஞருக்கு மறுமொழி

இனி நம்மிடம் வினவிய இளைஞருக்கு வருவோம்.

தம்பி, அந்த வீட்டுக்காரர் உம்மைக் கண்டபோது கண்டது ஓர் உருவத்தை, கேட்டது ஒரு குரலை. அப்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. ஊர்ப்பெயர் செவியில் விழுந்தபின் முகம் மாறிற்று. இடையில் உம்மிடம் ஒன்றும் மாறவில்லை. மாறியது அவர் மனத்தில் எழுந்த பெயர். அப்பெயர் உம்மைத் தொடவில்லை, உம்மை விலக்கியது. ஆகவே அவர் கண்ட குறை உம்மிடம் உள்ளதன்று. அது கானல்நீர். ஆனால் கானல்நீரை நம்பி ஒருவன் தன் கூஜாத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் தாகம் மெய்யாகவே வரும். அதுபோல் பொய்யான எண்ணமும் மெய்யான துன்பத்தை விளைக்கும். உமக்கு வீடு கிடைக்காமற் போனது கற்பனையன்று. ஆதலின் சட்டமும் உரிமையும் வேண்டும், அவற்றுக்காக உழைக்கவும் வேண்டும். தத்துவம் பேசி அநீதியைப் பொறுத்துக்கொள்ளுமாறு நாம் கூறோம்.

நாம் வேண்டுவது ஒன்றே. அவர் சேர்த்த பெயரை நீர் உம்முள் சேர்த்துக்கொள்ள வேண்டா. இரவில் தனித்திருக்கும்போது திக்நாகரைப்போல் நான்கு விளக்கேற்றித் தேடிப்பாரும். கையில் உழைப்பின் காய்ப்பு தென்படும். பசியும் களைப்பும் தென்படும். வீட்டார்மேல் கொண்ட அன்பு தென்படும். தாழ்வு என்று ஒன்று எங்கேனும் தென்படுகிறதா என்று பாரும். உயர்வு என்று ஒன்றும் தென்படாது. பிராமணக் குடியிற் பிறந்தாரென்று கூறப்படும் அப்பெரியார் தேடியபோதும், புற்கலனே காணப்படாத இடத்தில் அவன் குலம் எங்கே காணப்பட்டிருக்கும்?

இவ்விளக்கை நாமும் நம்மேல் திருப்பிக்கொள்ள வேண்டும். பெங்களூர்க்காரர் என்றாலே நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று நாம் சேர்க்கும் பெயரும் கற்பனையே. பக்கத்து லைனில் இருப்போரைப் பற்றி நாம் வைத்திருக்கும் பெயர்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும். நமக்கு இழைக்கப்பட்டபோது பொய்யென்று காண்பதை, நாம் இழைக்கும்போது மெய்யென்று கொள்வோமாயின், திக்நாகர் சரிதத்தை நாம் படித்தும் படியாதவர்களே.

அந்த இளைஞர் சென்ற கூட்டத்திற்கு மீண்டும் வந்திருந்தார். வேறோர் இடத்தில் வீடு கேட்டபோது, தலைகுனியாமல் ஊர்ப்பெயரை முதலிலேயே கூறிவிட்டதாகச் சொன்னார். வீடு இன்னும் அமையவில்லை. அவர் முகத்தில் முன்பிருந்த வாட்டத்தை நாம் காணவில்லை. நாம் கண்டது அவ்வளவே. அதற்குமேல் ஒன்றும் சேர்க்க விரும்பவில்லை.

எல்லா உயிரும் நலமுறுக.